மூடாத மெஸ்ஸை மூடிய போன்

போன வியாழன், மத்தியானம் ஒரு மணி. விவேக் நகர் சர்ச் வாசலில் கால் வைக்க இடமில்லை. இரண்டு தெரு தள்ளி, ஸ்டெல்லா அக்காவின் மீன் மெஸ்ஸில்... நான் மட்டும்!

ஒரு மாதம் கழித்துப் போகிறேன். வியாழக்கிழமை சர்ச்சில் விசேஷ பூசை; அன்றைக்கு மெஸ்ஸில் சீட்டுக்குத் தவம் கிடக்க வேண்டும். என்ன ஆச்சு?

அக்கா பரிமாறிவிட்டு நகரவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்மையச் சொல்லு தம்பி. கொழம்புல எதாச்சும் கொறையா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. மூன்று வாரமாக ஈ ஓட்டுகிறாராம். மிளகாய்த்தூள் மில்லை மாற்றியாயிற்று. மீன்காரரை மாற்றியாயிற்று. ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளித்தாயிற்று. இந்த மாதத்தோடு காலி செய்கிறேன் என்று கட்டட ஓனரிடம் சொல்லியும் விட்டாராம்.

என்னோடு சாப்பிட வருவதாக இருந்த எலெக்ட்ரானிக் சிட்டி நண்பர் அப்போதுதான் போன் செய்தார். "எங்க சார் இருக்கீங்க? அந்தக் கடைய நிரந்தரமா மூடிட்டாங்கன்னு மேப்ல போட்டிருக்கே. நான் பாதி வழியில திரும்பிட்டேன்."

மூடிவிட்டார்களா? நான் உள்ளே உட்கார்ந்து வஞ்சிரம் தின்றுகொண்டிருக்கிறேன்!

விசாரித்தால்... புனித வெள்ளியன்று மெஸ் லீவு. வருகிறவர்கள் ஏமாறக் கூடாதே என்று, அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் போனில் மேப்பைத் திறந்து 'மூடப்பட்டது' என்று போட்டிருக்கிறார். தற்காலிகமா, நிரந்தரமா என்று அது கேட்டிருக்கிறது. வருஷா வருஷம் அன்றைக்கு லீவுதானே என்று யோசித்து, நிரந்தரத்தை அழுத்திவிட்டார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியூர். அவர்களுக்குத் தெரு தெரியாது, அக்காவையும் தெரியாது. போன் காட்டுகிற பக்கம்தான் கால் போகும். போனில் இல்லாத கடை, அவர்களுக்கு ஊரிலேயே இல்லை.

கடை திறந்திருக்கிறது என்று மேப்பில் உடனே மாற்றி அனுப்பினோம். சரிபார்க்கச் சில நாள் ஆகும் என்று பதில் வந்தது. காலி செய்யவில்லை என்று அக்கா ஓனருக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் கெஞ்சினார். சனிக்கிழமை வேறு பார்ட்டி கடையைப் பார்க்க வருகிறது, அப்புறம் சொல்கிறேன் என்றாராம்.

மேப்பில் கடையின் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கருத்து - பார்க்கிங் வசதி இல்லை.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சாப்பாடு நல்லாருக்குன்னு யாருமே எழுதலையா தம்பி?"

ஒன்பது வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன். வாரம் தவறாமல் பத்திரிகையில் எழுதுகிறேன்... இந்தக் கடையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.