முறத்தில் வைத்த சந்தனக் கட்டை

அவளைக் கைவிட்டது நீங்கள்தான். சோதனை போட்ட காட்டுக் காவலர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள். கோர்ட்டு அதன் வேலையைச் செய்தது. சங்கத்தின் செயலாளர் என்று திருப்பத்தூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நீங்கள்தான் உங்கள் வேலையைச் செய்யவில்லை. என் தப்பையும் இதில் எழுதுகிறேன். உங்கள் தப்பை நீங்களாக எழுத மாட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைக்கு என்னை அனுப்பினீர்கள். முப்பத்திரண்டு வயது, தனி ஆள். காவலூர் போகும் சாலையோரம் ஓட்டு வீட்டில் ஓர் அறை. மலையில் ஆறு ஊர்களில் ஆறு பெண்கள் அவரவர் வீட்டிலேயே பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். தாய்மார்கள் புளி உலுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் காட்டுக்குப் போனால், சாயங்காலம் வரை பிள்ளைகள் இவர்களிடம். சங்கம் கஞ்சி மாவு கொடுக்கும். நான் வாரம் ஓர் ஊராக நடந்து போய், மாவு பூச்சி பிடிக்காமல் இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் சிரங்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். பேச வேறு ஆள் கிடையாது. இந்த ஆறு பேர்தான் எனக்கு மனிதர்கள்.

அந்த வருஷம் சந்தன மரம் தேடி வீடு வீடாகச் சோதனை நடந்தது. பிள்ளைகள் தூங்கும் சாக்கின் மேல் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். ஒரு வீட்டில் கஞ்சி மாவுத் தகரத்தை மண்ணில் கவிழ்த்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் உங்களிடம் வந்து அழுதாள். ஒரு வாரத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை உங்கள் கையால் என்னிடம் கொடுத்தீர்கள். "சட்டம் இவங்களுக்கும் தெரியட்டும், சொல்லிக் குடும்மா," என்றீர்கள். அன்று உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆறு பேரில் ஒருத்திதான் அவள், நீங்கள் கைவிட்டவள். எல்லோரையும் அவள் வீட்டில் கூட்டித் தாளில் இருந்ததைச் சொன்னேன். யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்கலாம். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லலாம். சோதனை நடக்கும்போது கூடவே நிற்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகிற பொருளுக்குப் பட்டியல் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, நகல் ஒன்றை வீட்டுக்காரியிடம் கொடுக்க வேண்டும். யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் நடித்துப் பழகினோம். ஒருத்தி தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு காவலராக வந்து, உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று அதட்டினாள். வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பதினோரு புள்ளைங்க மூத்திரம் கீது. சாட்சிய வச்சி எய்தி எட்துக்னு போ," என்றாள். தூளியில் கிடந்த பிள்ளை எழுந்துவிடும் அளவுக்குச் சிரித்தோம். மலையில் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

தாளின் கடைசி வரியை மட்டும் நான் சொல்லவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது என்ற வரி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்து பேர் காட்டு வழியில் ஊர் திரும்ப வேண்டும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். என் தப்பு இதுதான்.

புளி உலுக்கும் நாட்களில் அவள் வீட்டுக்குச் சோதனை வந்தது. நான் இரண்டு நாள் கழித்துப் போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. யார் என்று கேட்டாளாம். பூட்ஸைக் கழற்றச் சொன்னாளாம், கழற்றினார்களாம். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினாளாம். பட்டியல் எழுதச் சொல்லி ரேகை வைக்கச் சொல்லி நகலையும் கேட்டு வாங்கிவிட்டாளாம். மாவுத் தகரத்துக்கு அடியிலிருந்து அந்த நகலை எடுத்து நீட்டினாள்.

படித்தேன். முழங்கை நீளச் சந்தனக் கட்டை ஒன்று. வீட்டுக்காரி தானே எடுத்துக் கொடுத்தது. இரண்டு ரேகைகள்.

பிள்ளைகளின் வேர்க்குருவுக்கும் கட்டிக்கும் உரைத்துப் பூச வைத்திருந்த கட்டை. கூரைச் செருகலில் இருந்தது. அவர்கள் தேடி அலுத்துக் கிளம்புகிற நேரம். அவள்தான் அதை எடுத்து, ஒரு முறத்தில் வைத்து, சாட்சிகளுக்கு நடுவில் தரையில் வைத்திருக்கிறாள்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சாட்சிய கூப்ட்டு நிக்க வச்சிட்டு பொருள மறைச்சா, அது இன்னா ஞாயம் டீச்சரு?" என்றாள்.

அந்த மலையில் ஊர்க் கூட்டம் அப்படித்தான். பிராது வந்தால், பேச்சு தொடங்கும் முன் சம்பந்தப்பட்ட பொருளை எல்லோருக்கும் நடுவில் வைத்துவிட வேண்டும். வைத்தவன் பக்கம் ஊர் நிற்கும். சாட்சி என்ற சொல்லை நான் சொன்னதும் அவள் மனதில் வந்து நின்றது அந்தக் கூட்டம். கோர்ட்டு வேறு என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பழக்கிவிட்ட ஒழுங்கில்தான் அவளுக்கு எதிரான வழக்கு ஓட்டையே இல்லாமல் தயாரானது.

அன்றைக்கே பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன். வக்கீல் வைக்கலாம், கட்டை பிள்ளைகளுக்காக இருந்தது என்று சங்கம் ஒரு கடிதம் தரட்டும் என்றேன். நீங்கள் பட்டியலைத் தொடக்கூட இல்லை. "உன்ன யாரு சட்டம் பேசச் சொன்னது?" என்றீர்கள். நான் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பணியாளர் தன்னிச்சையாகச் செய்தது என்று பிறகு அறிக்கையில் எழுதினீர்கள். வழக்கு இருக்கிற வீட்டில் பிள்ளைகளை விட முடியாது என்று அவளுக்கு மாவை நிறுத்தினீர்கள். அதை அவளிடம் சொல்லும் வேலையை எனக்கே கொடுத்தீர்கள்.

இரண்டு வாய்தாவுக்கு அவளோடு போனேன். மூன்றாவது வாய்தா அன்று ஏதோ கூட்டம் என்று என்னை வேலூருக்கு அனுப்பினீர்கள். அவள் தனியாக இறங்கிப் போயிருக்கிறாள். ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கோர்ட்டு வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டாள். அதோடு அவள் திருடி ஆகிவிட்டாள். பதினோரு பிள்ளைகளும் தாய்மாரோடு புளிய மரத்தடிக்குப் போனார்கள். அவளும் கடுக்காய் பொறுக்கப் போனாள்.

மற்ற ஐந்து பேரும் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நான் போனால் கதவைப் பாதி திறந்து, பிள்ளைகள் தூங்குது என்பார்கள். உள்ளே பிள்ளைகள் கத்துவது கேட்கும். யார், எதற்கு என்று கேட்காமல் யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. கோபப்படவும் முடியவில்லை. ஒரு வருஷம் அப்படியே நடந்தேன். வாரத்தில் நாலு நாள் என் குரலை நானே கேட்காமல் போகும். வழியில் அவளை ஒருமுறை பார்த்தேன். தலையில் கூடை. "சாப்ட்டியா டீச்சரு," என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு வேலையை விட்டுவிட்டேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஊரில் அவளை இன்னும் சந்தனக் கட்டைக்காரி என்றுதான் சொல்கிறார்கள். அவள் வீட்டில் ஒரு பிள்ளையை விட யாருக்கும் மனம் வரவில்லை. நீங்கள் இன்னும் செயலாளர். மலைப் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்த முதல் சங்கம் என்று போன மாதம்கூட மேடையில் பேசினீர்கள்.

அந்த ஊருக்கு வாருங்கள். அந்தத் தாய்மார்களைக் கூட்டி, அவளையும் உட்கார வைத்து, அவர்கள் முன்னால் சொல்லுங்கள். பாடம் உங்களுடையதா, இல்லையா? அவள் சொன்னபடி நடந்தவளா, திருடியா? எனக்குக் கடிதம் போட வேண்டாம். எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.