என் கையில் இரண்டு காப்புக் கயிறு

வீராம்பட்டினத்து அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கயிறு கட்டினால், தேர் ஓடி முடியும்வரை அவிழ்க்கமாட்டோம். பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய மறுவருஷம், என் வீட்டுக்காரர் அந்தக் கயிற்றோடேயே பட்டறைக்குப் போய் லேத்தில் நின்றார். சுழன்ற இரும்புக் கம்பியில் கயிறு சுற்றிக்கொண்டு கையை உள்ளே இழுத்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலியில் முனகிக்கொண்டே, "காப்பு அறுந்துபோச்சு புள்ள, ஆத்தா கோச்சுக்குவாளா?" என்றார்.

"விரலு போனதுக்கு அழுவாம, கயித்துக்கு அழுவுறியேய்யா!" என்றேன். உள்ளூர எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் பூசாரி அவர் கையைக் கேட்டார். நான் குறுக்கே என் கையை நீட்டினேன்.

"அவரு மிஷின்ல நிக்கிறவரு. அவரு கயித்தையும் எனக்கே கட்டுங்க."

"வழக்கமில்லையேம்மா."

"கட்டுங்க."

பூசாரி கட்டினார். என் வீட்டுக்காரர் வேலையை விட்டு ஓய்ந்து உட்காரும்வரை, வருஷா வருஷம் இரண்டு கயிறு சுமந்தேன். ஆத்தா ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை.