முல்லைத்தீவாருக்குக் கடல் காட்டியவர்

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனதை நாங்கள் வெளியில் சொன்ன விதம் வேறு: திருகோணமலை சுற்றிப் பார்க்கப் போகிறோம். சரிவராவிட்டால் ஊர் சிரிக்கக் கூடாதே என்று மாமி செய்த ஏற்பாடு அது. மாமி என் அப்பாவின் தங்கை. சம்பந்தம் பேசுவதில் அவருக்கு இருந்த பக்தி பூசை காண்பதில்கூட இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து, வவுனியா நெளுக்குளத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கையில், அங்கே தங்குவதற்கான தற்காலிகப் பாஸ். முடிய முடிய வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். தங்கைக்கு முப்பது நெருங்கியிருந்தது. அம்மாவுக்கு வெளியூர் போகப் பாஸ் கிடைக்காததால் என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்: “அவள் அங்க கட்டிக்கொண்டு போனாளெண்டா இந்த வரிசையில நிக்கிற சீவியம் அவளுக்கில்லை. மாப்பிள்ளை கொம்போட வந்து நிண்டாலும் நீ வாயைத் திறக்காதை.” என் வாயில் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பஸ்ஸில் வைத்துத்தான் மாமி குண்டைப் போட்டார். “உங்கட அப்பா வியாபாரம் செய்தவர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். கடல், வலை எண்டு ஒருத்தரும் வாய் தவறிக் கதைச்சுப் போடாதேங்கோ.”

“என்ன வியாபாரம் மாமி?” என்று தங்கை கேட்டாள்.

“வியாபாரம் எண்டா வியாபாரம்தான்.”

மாப்பிள்ளை பஸ் நிலையத்தில் நின்றார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். காலில் முகம் தெரியும்படி மினுக்கிய சப்பாத்து. இடுப்புப் பட்டியில் ஒரு கொத்துச் சாவி. திருகோணமலையின் கதவுகளை எல்லாம் அவர்தான் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறார் போலிருந்தது. “ஆறுதலா நடந்து பாப்பம், அவசரமில்லை,” என்றார். அவசரமில்லாத மனிதர் எங்களுக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார்.

கோட்டை வாசலில் சோதனை முடிந்து உள்ளே போனதும் பரீட்சை தொடங்கியது. ஒரு சுவரில் தட்டி, “இதை ஆர் கட்டினதெண்டு சொல்லுங்கோ பாப்பம்?” என்று தங்கையைக் கேட்டார்.

“தெரியாது.”

“பரவாயில்லை. வன்னிப் பக்கத்தில உதுகள் படிப்பிக்கிறேல்லைத்தானே.”

அடுத்த சுவரிலும் அதே கேள்வி, அதே பதில், அதே பரவாயில்லை. பறங்கியர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டால், ஒவ்வொருவரும் கோட்டையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள் என்று நினைக்கத் தோன்றும். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான் ஒன்று அவரருகே வந்து மோந்தது. “பாத்தியளே, மானுக்குக்கூட அவரைத் தெரியுது!” என்றார் மாமி. மான் அவர் கையிலிருந்த கடதாசியை இழுத்துத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் போனது.

மேலே, மலை விளிம்பில் நின்று கையை நீட்டினார். “இதுதான் கடல்.”

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முல்லைத்தீவில் பிறந்தவர்களுக்குக் கடலைக் காட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அம்மாவை நினைத்து விழுங்கினேன். தங்கை மட்டும், “நல்ல பெரிசா இருக்கு,” என்றாள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு நையாண்டி செய்கிறேனே, உள்ளுக்குள் நான் சம்மதித்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலைக்கனம் பிடித்த எத்தனையோ பேர் நல்ல குடும்பக்காரராக இருக்கிறார்கள். உத்தியோகம் இருக்கிறது, வீடு இருக்கிறது. தங்கை இரவில் நிம்மதியாகப் படுப்பாள். அவளும் அப்படித்தான் எண்ணியிருப்பாள். மத்தியானச் சாப்பாட்டில் அவர் கேட்டதற்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள்.

பின்னேரம் கடற்கரைக்கு இறங்கினோம். கரைவலை இழுத்து முடிந்து, மணலில் மீன் குவிந்து கிடந்தது. வலைக்காரர் ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்தார். மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு மீன் வாங்கும் எண்ணம் வந்தது. ஒரு பாரை மீனைச் சப்பாத்து நுனியால் புரட்டினார். மறுபக்கமும் புரட்டினார்.

“நேத்தையான் மீன் போலக் கிடக்கு.”

வலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, உது உங்கட சப்பாத்துக்குத் தீனியில்லை. எடுக்கிறதெண்டாக் கையால எடுங்கோ.”

“கையெல்லாம் நாறுமே,” என்று சிரித்தார் இவர். மாமியும் கூடச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் ஓட்டத்தில் ஒரு மீனில் கால் பட்டால்கூடக் குனிந்து தொட்டுக் கும்பிடுவோம். அதை யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. தங்கை செருப்பைக் கழற்றி வைத்தாள். குனிந்து அந்தப் பாரையை எடுத்தாள். அலையில் மணலைக் கழுவி, செவுளைத் திறந்து பூவைப் பிரித்துப் பார்த்தாள்.

“ரத்தம் இன்னும் சிவப்பா இருக்கு. இப்ப வலையில பட்ட மீன்.”

“உங்களுக்கு என்னண்டு தெரியும்?”

“அப்பா கரைவலைக்காரன். நான் மீன் பொறுக்கி வளந்தனான்.”

மாப்பிள்ளை மாமியைப் பார்த்தார். “வியாபாரம் எண்டல்லோ சொன்னனீங்கள்?”

“மீன் வியாபாரம்,” என்றாள் தங்கை. அந்தப் பாரையைத் தன் காசில் வாங்கினாள். வலைக்காரரிடம், “குறை நினையாதேங்கோ ஐயா,” என்றாள். பிறகு மாப்பிள்ளையிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “ஊர் காட்டினதுக்குப் பெரிய உபகாரம். எனக்கு இது சரிவராது. நாங்கள் பஸ்ஸுக்குப் போறம்.”

அவர் குனிந்து சப்பாத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். அன்று முதல் தடவையாக நாங்கள் அவருக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தோம்.

வழியெல்லாம் மாமி புலம்பினார். “ஒரு மீனுக்காக ஒரு கவுண்மேந்து மாப்பிள்ளையை விட்டவள் நீதானடி!” சோதனைச் சாவடியில் மீன் கிடந்த பைக்குள் கைவிட்ட ஆமிக்காரன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டதைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை.

வீடு சேர்ந்ததும், “என்ன மாதிரி?” என்றார் அம்மா, வாசலிலேயே. பழி தங்கை மேல் விழக் கூடாதென்று நான் முந்திக்கொண்டேன். “எனக்குப் பிடிக்கேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்.”

“உனக்கு உன்ர நிழலையும் பிடிக்காது! அவளின்ர சீவியத்தையல்லோ பாழாக்கிப்போட்டு வந்து நிக்கிறாய்.”

“அண்ணை பொய் சொல்லுறார் அம்மா. நான்தான் வேண்டாமெண்டனான்,” என்று தங்கை நடந்ததைச் சொன்னாள்.

அம்மா மாமியிடம் திரும்பினார்.

“காலாலயோ மீனைப் புரட்டினவர்?”

“கால் எங்க மச்சாள் பட்டது? சப்பாத்துத்தானே!”

அம்மா தங்கையின் கையிலிருந்து பையை வாங்கினார். “கொண்டா பிள்ளை. பழுதாக முன்னம் அறுப்பம்.”