உயரம் காணாது என்று சொன்ன கழகம்

காலை ஏழு மணிக்கு ஓட்டோ என்னைக் குருநகர் கோயில் வாசலில் இறக்கியது. யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தடி விடுதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் சொச்சம். நானூறு ரூபா கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். இருபது வருடங்களுக்கு மேலாகச் சொந்த ஊருக்கு வராதவன் வந்த வாசலிலேயே பேரம் பேசுவது அழகில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முகத்தை வைத்தே என்னை உடனே மட்டுக்கட்டிவிட்டார்கள். "இத்தாலிக் கழகத்து அந்தோனி" என்றுதான் இங்கே எனக்குப் பெயர். இத்தாலியில் ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகத்தில் வேலை செய்கிறேன் என்று முன்பு நான் சொல்லியிருந்தேன். அது உண்மைதான். என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களாகவே என்னை ஒரு மேசைக்குப் பின்னால் இருத்திப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பத்தொன்பது வருடங்கள் நான் அங்கே செய்தது விளையாட்டுக்காரர்களின் உடுப்புத் தோய்க்கும் வேலை.

கழகம் விழுந்த கதை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாம் கைத்தொலைபேசியின் புண்ணியம். "உங்கடை கழகம் இப்ப எங்கடை கோயில் ரீமோடை விளையாடினாலும் தோக்கும் அண்ணை" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரின் பழைய பந்துக் காப்பாளன் கிளமென்ற் எங்கே என்று கேட்டேன். கலியாணம் கட்டி மயிலிட்டிக்குப் போய்விட்டான், காங்கேசன்துறைக்கு அங்கால் என்றார்கள். அவனைத் தேடித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது. இருந்தும், அவன் இங்கே இல்லை என்றதும் மனதுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கப்பட்டுத்தான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

8.40க்குக் காங்கேசன்துறை பஸ். பதினெட்டுக் கிலோமீற்றர், நூற்றுப் பத்து ரூபா. யன்னல் ஓரம் கிடைத்தது. இணுவிலில் பூத்தட்டோடு ஏறிய அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்து, எந்த நாடு தம்பி என்றார். இத்தாலி என்றேன். நல்ல வேலையோ என்றார். ஓம் என்றேன். பழக்கதோஷம்.

கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் நகரத்தில் வாழும் நம்மவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நான் சேர்ந்த காலத்தில் முதற்பிரிவில் முதல் மூன்று இடங்களுக்குள் நின்றது. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் எங்கள் மைதானத்துக்கு வரப் பயந்தன. பிறகு ஒரு தலைவர் வந்தார், கழகத்தைத் தின்றார், போனார். அடுத்தவர் மிச்சத்தைத் தின்றார். கடைசியில் நீதிமன்றத்து ஆட்கள் வந்து அறைகளுக்கு முத்திரை வைத்தார்கள். இன்று அந்தப் பெயரை யாரோ வாங்கி, நான்காம் பிரிவில், சந்தைத் திடல் போன்ற மைதானங்களில் ஒரு அணியை ஓடவிடுகிறார்கள். நான் முதியோர் இல்லமொன்றில் அதே தோய்க்கும் வேலையில் இருக்கிறேன்.

முத்திரை வைத்த என் அறையின் அலுமாரிக்குள் ஒரு வீடியோக் கசெற்றும் ஒரு கடிதமும் இருந்தன. இரண்டும் கிளமென்றுடையவை. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நான் ஊருக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, குருநகரின் பந்துக் காப்பாளர். அவன் பாய்ந்து பந்து பிடிப்பதைப் பார்க்க அயல் ஊர்களிலிருந்து சைக்கிளில் வருவார்கள். தன் ஆட்டத்தைப் படம் பிடித்து, கழகத்துக்கு ஒரு கடிதமும் எழுதி, உங்கள் கழகத்தில் காட்டுங்கள் அண்ணை என்று என்னிடம் தந்தான். காட்டியிருக்கலாம். பந்துக் காப்பாளர்களின் பயிற்சியாளர் நல்ல மனிதர், நாள்தோறும் ஈரக் கையுறைகளை என்னிடம் தானே கொண்டுவந்து தருவார். ஆனால் கழகத்திலிருந்து அவனுக்குப் பதில் வந்தால், "எங்கள் உடுப்புத் தோய்ப்பவர் கொடுத்தார்" என்று அதில் இருக்குமே. ஊர் முழுக்க அதை வாசிக்குமே. மூன்று மாதம் பொறுத்து, "பாத்தவை, உயரம் காணாதாம்" என்று, அவன் உயரம் போதாதென்று கழகமே சொன்னதுபோல, தொலைபேசியில் சொன்னேன்.

பத்து மணிக்குச் சற்று முன் காங்கேசன்துறை. மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலை எதிரே தெரிந்தது. அதைக் கழகத்தோடு ஒப்பிட்டு நாலு வரி எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தொழிற்சாலை போரால் நின்றது, கழகம் திருட்டால் விழுந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. ஓட்டோவுக்கு அறுநூறு ரூபா கொடுத்து, கடற்கரை வீதியால் மயிலிட்டிக்குப் போனேன்.

கிளமென்ற் விடியக் கடலால் வந்து குளித்துவிட்டு நின்றான். நாற்பது தாண்டியும் தோள் இறங்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தான். சாப்பிடாமல் போக விடமாட்டேன் என்று மனைவியிடம் நண்டுக் கறி வைக்கச் சொன்னான். கொழும்பு அணியொன்றும் அந்த நாளில் தன்னைக் கூப்பிட்டதாம். இத்தாலிக்காரரே கட்டை என்ற பிறகு அங்கே போய் என்னத்துக்கு என்று விட்டுவிட்டானாம். இன்றைக்கும் எங்கள் கழகத்தின் நான்காம் பிரிவு முடிவுகளைத் தேடிப் பார்க்கிறான்.

"எனக்கு ஒளிக்காமல் உண்மை சொன்னது அவை மட்டும்தானண்ணை" என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடித்தேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டான். றெஜினா, பதினேழு வயது, பாடசாலை அணியின் பந்துக் காப்பாளர். கொழும்பில் நடக்கும் பயிற்சி முகாமொன்றுக்கு அவளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். தகப்பன் கையெழுத்து வைத்து நாளைக்குள் படிவம் போகவேண்டும். அவன் வைக்கவில்லை. பிள்ளை தன்னைப்போலக் கட்டை, அங்கே போய் அவமானப்பட்டுத் திரும்புவாள் என்று அவனுக்குப் பயம். அவளைக் கதவு நிலையோடு நிமிர்ந்து நிற்கச் சொன்னான்.

"நீங்கள் எத்தினை பேரைப் பாத்தனீங்கள். இந்த உயரம் காணுமோ, காணாதோ? நீங்கள் சொல்லுறதுதான் முடிவு" என்றான்.

அவள் குதியை இலேசாக உயர்த்தி நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். உயரம் காணும் என்று ஒரு பொய்யோ மெய்யோ சொல்லி, நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டுப் பெரிய மனிதனாகவே திரும்பியிருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது, மறைக்கமாட்டேன்.

"கிளமென்ற், நான் உன்ரை கசெற்றை ஒருத்தருக்கும் காட்டேல்லை. உயரம் காணாது எண்டது நான் சொன்ன பொய். நான் அங்கை உடுப்புத் தோய்க்கிறவன்."

அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கிளமென்ற் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மகளிடம் பேனை வாங்கி, படிவத்தை முழங்காலில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தான். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"பதினொண்டரைக்கு ஒரு பஸ் இருக்கண்ணை. இப்ப வெளிக்கிட்டால் பிடிக்கலாம்."

சாப்பாட்டைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வாசல் படலையடிக்கு வந்தபோது பின்னால் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன்.

"அப்ப, நான் கட்டை இல்லையோ?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். ஒருத்தரும் பார்க்கவில்லையே என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

பஸ் சுன்னாகம் தாண்டும்வரை நான் யன்னலால் வெளியே பார்க்கவில்லை. எங்கள் நகரத்தில் கழகத்தைத் தின்ற தலைவர்களை மதுச்சாலைகளில் இன்றும் திட்டுவார்கள். நானும் சேர்ந்து, உரத்துத் திட்டியிருக்கிறேன். இனி அந்த வாய் எனக்கு வராது. ஈரக் கையுறைகள் கொண்டுவந்து தரும் அந்தப் பயிற்சியாளர் இறந்துவிட்டார். கசெற் எந்தக் குப்பையோடு போனதோ தெரியாது. கழகம் கழகமாக இருந்த காலத்தில், அதன் வாயால் ஒரு "முடியாது" கேட்கும் உரிமையாவது கிளமென்றுக்கு இருந்தது. அதைக்கூட நான் வாங்கிக் கொடுக்கவில்லை. இனிப் போய்க் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.