டன்கர்க்கில் பிடித்த மீன்

குரோருட் என்ற புறநகரில் ஆறாவது மாடி வீடு. வெளியே பனி இன்னும் கரையவில்லை. நான் சைவம் என்று முன்பே சொல்லியிருந்ததால், ராசன் அண்ணரின் மனைவி எனக்காகப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துப் பரிமாறுகிறார்.

சாப்பாட்டுக்கு நடுவே டிஜிட்டல் கேமராவைக் காட்டுகிறேன். போன வாரம் பிரான்சில் பார்த்த டன்கர்க் கார்னிவல். நகரசபை மாடியிலிருந்து கீழே நிற்கும் கூட்டத்துக்குப் புகையூட்டிய மீன்களை எறிகிறார்கள். பெண் வேடமிட்ட ஆண்கள் குடையை நீட்டித் துள்ளுகிறார்கள். நானும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறேன்.

ராசன் அண்ணரின் கண் அந்தப் படத்திலேயே நிற்கிறது.

"வடக்கிலை பாட்ஸ்பியோர்ட் மீன் பக்டரியிலை பத்து வருசம் மீன் வெட்டினனான். ஒண்டு நிலத்திலை விழுந்தாலே மனம் கேக்காது. நீங்கள் பிடிச்சதை என்ன செய்தனீங்கள்?"

நாற்றம் தாங்காமல் விடுதிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அதை இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"சாப்பிட்டேன்" என்கிறேன்.

அவர் மனைவியின் முகம் மலர்கிறது. "அப்ப மீன் சாப்பிடுவியளோ? எங்களிட்டை என்ன கூச்சம்?" என்றபடி எழுந்து போகிறார்.

அடுப்பில் எண்ணெய் சடசடக்கிறது. நான் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கி, தட்டில் இடம் விடுகிறேன்.