எடைமேடைப் பெண்ணின் குரல்

சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எழுதுவேன். கூழ் எடுத்தபின் மிஞ்சும் தோலும் கொட்டையும் எங்கே போகின்றன என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு சீசனில் கேட்க வேண்டி வந்தது. கழிவு ஏற்றிப் போன எங்கள் டிராக்டரை ஏரிக்கரையில் ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். தமிழும் தெலுங்கும் பேசுகிறவன் என்று மேனேஜர் என்னை அனுப்பினார். ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"தெனம் கொட்டிக்கினே போறீங்க. இந்த நாத்தத்துல குந்திக்கினு சோறு துன்ன முடியுமா? நீயே சொல்லு."

டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

பிறகு மேனேஜர் அழைத்து, திருப்பதியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர்காரர் வந்து, லாரிகளை நிறுக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்தார். தோலையும் கொட்டையையும் தனித்தனியே எடை போட்டதும், மாடு வளர்ப்பவர்களுக்கும் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுப்பவர்களுக்கும் போனில் செய்தி போகும். தோல் அரை நாளில் புளித்துவிடும் என்பதால் அவசரம். ஒரு வாரம் செய்தி போனது. வந்தவர்கள் இரண்டே பேர்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எடைமேடையில் வேலை பார்த்த பெண். பாலசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் படித்தவர்.

"மெசேஜ் இங்கிலீஷ்ல போவுது சார். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கறவங்க அத எங்க படிப்பாங்க? போன் அடிச்சா எடுப்பாங்க."

"அத்தினி பேருக்கும் நீ போன் பண்ணுவியாம்மா?" என்றார் மேனேஜர்.

"நான் ஒரு வாட்டி பேசறேன். கம்ப்யூட்டரு அத எல்லாருக்கும் போன்ல போடட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாஃப்ட்வேர்காரர் சிரிக்கவில்லை, அன்றே செய்து கொடுத்தார். எடைமேடையில் லாரி ஹாரன் ஓயாததால், அந்தப் பெண் என் அறைக்கு வந்து தமிழிலும் தெலுங்கிலும் பேசிப் பதிந்தார். "இப்ப எடுத்த தோலு, புளிக்கல. பொழுது போறதுக்குள்ள வந்து ஏத்திக்கினு போங்க."

மறுநாளே வாசலில் நெரிசல். டிராக்டர்கள், குட்டியானை வண்டிகள், இரண்டு கோணிகளோடு ஒரு மொபெட். யார் முதலில் என்று சண்டை வேறு. ஒவ்வொரு லோடுக்கும் முறைவைத்துச் சிலரை மட்டும் அழைக்கும்படி அந்தப் பெண்ணே மாற்றச் சொன்னார், சண்டை நின்றது. கங்காதர நெல்லூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு மாடு வச்சிருக்கறவங்க மாதிரியே பேசுது."

அதோடு அந்தப் பெண் விடவில்லை. கொட்டை கொண்டுபோன லாரி காலியாகத் திரும்புவதை எடைக்கணக்கில் பார்த்து, எண்ணெய்க்காரர் உடைத்துப்போட்ட ஓடுகளை அதே லாரியில் வரவழைத்தார். அவை எங்கள் பாய்லரில் எரிந்தன.

நான் திருப்பதியில் வேதியியல் படித்தவன். எனக்கு அது தோன்றவில்லை என்று அவரிடமே சொன்னேன். "உங்க ரூம்லேர்ந்து லாரி தெரியாது சார்" என்றார். இந்த சீசனில் பக்கத்து ஆலையின் தோலுக்கும் அவர் குரல்தான் போனில் ஆள் அழைக்கிறது.