பேச்சி அக்கா விளையாடாத கடைசி அத்தியாயம்

செய்தி வந்தது எங்கள் விளையாட்டுக் குழுவில். காலை பதினொரு மணி இருக்கும். "பேச்சி அக்கா செத்துட்டாங்க" என்று கதிர் எழுதியிருந்தான். எங்கள் குழுவில் இப்படித்தான் எழுதுவோம். திரையில் யாருடைய வீரன் எந்த அரக்கனிடம் அடிபட்டு விழுந்தாலும் உடனே சாவுச் செய்தி போட்டுக் கேலி பண்ணுவது வழக்கம். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் "எந்த அரக்கன்கிட்ட?" என்று ஒருவர் கேட்டார். நானும் என் பங்குக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். இரண்டு நிமிடம் கழித்துக் கதிர் எழுதினான்: "விளையாட்டு இல்லண்ணே. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சு." சிரிப்பை அழித்தேன். அழித்து என்ன, போட்டது போட்டதுதான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மாள், வயது நாற்பத்தாறு, என்னைவிட நான்கு வயது மூத்தவர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தார். கணவர் தங்கப்பாண்டி அண்ணன் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரி. பகலெல்லாம் பிறர் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்து, காபி போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆர்பிஜி என்று சொல்வோமே, நாமே ஒரு பாத்திரமாகி ஊர் ஊராய்ப் போய்க் கதையை நடத்தும் விளையாட்டு, அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் முதலில் அவர் குரலைத்தான் கேட்டேன். ஊரே கொண்டாடிய ஒரு புது விளையாட்டைப் பற்றிக் குழுவில் பதினான்கு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார். "ஊருக்குள்ள போனா நாலு பேரு நாலு விதமாப் பேசணும்ல? பூசாரியும் ஓநாய் வருதுங்கிறாரு, கொல்லரும் ஓநாய்ங்கிறாரு, பச்சப்புள்ளையும் ஓநாய்ங்குது. அந்த ஊர்ல மனுசங்களே கிடையாதா?" என்று ஒரு பிடி பிடித்தார். நூறு எலியை அடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்ற இடத்தில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செஞ்சதையே செய்யிறதுக்கு எனக்கு கிளினிக் இருக்குப்பா!" இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து அதை மூன்று தடவை கேட்டுச் சிரித்தேன்.

அந்த நாளில் நானும் இரண்டு நண்பர்களும் டி. கல்லுப்பட்டியில் ஒரு மாடி அறை பிடித்து, ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். காணாமல் போன அண்ணனைத் தேடி, வறண்ட ஆற்றின் ஓரமாக நடந்தே போகும் ஒரு தங்கச்சியின் கதை. மூன்றரை வருடத்தில் ஒருவழியாக முடித்தோம். வெளியிடும் முன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும். அக்காவிடம் கேட்டேன். "திட்டுவேன், பரவாயில்லையா?" என்றார். நான்கு மாதம் திட்டினார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. விளையாட்டில் யார் உதவி கேட்டாலும் முதல் தடவை "முடியாது" என்றுதான் அமுக்குவார். "முடியாதுன்னா கதை என்ன செய்யிதுன்னு பார்க்கணும் சரவணா. மறுபடி மறுபடி அதையே கேட்டுச் சரின்னு சொல்ல வச்சா, அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?" அவரால் நாங்கள் பதினோரு காட்சிகளைத் திரும்ப எழுதினோம். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் எழுதினோம். எழுதிய பிறகு அதுதான் நன்றாக இருந்தது.

கடைசி அத்தியாயத்தில் தங்கச்சி அண்ணனைக் கண்டுபிடிப்பாள். அக்காவுக்கு அந்த இடம் உயிர். வெளியிட இரண்டு வாரம் இருக்கையில், எங்களுக்குப் பணம் போட்டவர் அந்த அத்தியாயத்தை அறுத்தெடுத்து டிஎல்சியாக விற்கச் சொன்னார். அதாவது முதலில் விளையாட்டை விற்பது, இந்தத் துண்டைப் பிறகு தனி விலைக்கு இறக்கிக்கொள்ளச் சொல்வது. நாங்கள் தலையாட்டிவிட்டோம். அண்ணன் இருக்கும் வீட்டுக் கதவு வரைக்கும் தங்கச்சி போவாள், அதோடு கதை முடியும்.

அக்கா பஸ் பிடித்து டி. கல்லுப்பட்டிக்கே வந்துவிட்டார். "டிஎல்சியே ஆகாதுன்னு நான் சொல்லல. கதை முடிஞ்ச பிறகு புதுசா ஒரு ஊரக் கட்டி வில்லு, முத ஆளா வாங்குறேன். இது இருக்கிறத ஒளிச்சு வச்சு விக்கிறது. பந்தியில உக்கார வச்சு சாம்பார் வரைக்கும் ஊத்திட்டு, ரசத்துக்கு வெளிய வந்து டோக்கன் வாங்குன்னா எந்திரிச்சுப் போயிர மாட்டாங்க? அம்புட்டுத் தூரம் நடந்து வந்த புள்ளடா அவ!" என்றார். சரிதான் என்று என் மனசுக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது. "உங்களுக்கு விளையாடத்தான் தெரியும்க்கா. செய்யத் தெரியாது. செய்யிறவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதம் கூலி வாங்காமல் உழைத்தவரிடம் சொன்ன வார்த்தை இது. அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சரிப்பா, வாரேன்" என்றார். அதன்பின் வரவே இல்லை.

நான் செய்த அடுத்த கூத்தைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், போன் போட வாய் வரவில்லை. அறுத்தெடுத்த அந்த அத்தியாயத்தில், அண்ணன் தங்கச்சியிடம் பேசும் இடத்தில் என் மன்னிப்பை எழுதிவைத்தேன். "நான் சொன்னது தப்பு. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத்தான் கேக்கத் தெரியல." அக்கா இதைப் படித்த நிமிடமே புரிந்துகொண்டு கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். எந்த டிஎல்சி கூடவே கூடாது என்று ஒருவர் சண்டை போட்டுப் போனாரோ, அதற்குள்ளேயே அவருக்கான மன்னிப்பை வைத்த அறிவாளி உலகத்தில் நான் ஒருவன்தான்.

வாங்கமாட்டாரே என்று, இலவசமாகத் திறக்கும் குறியீட்டை மட்டும் அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் வந்தது: "எனக்கு மட்டும் எதுக்கு? எல்லாருக்கும் உள்ள வை. அன்னைக்கு விளையாடுறேன்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கி வந்தால் இம்புட்டு வீம்பா என்று நானும் இருந்துவிட்டேன். உள்ளே உங்களுக்காக ஒன்று இருக்கிறது அக்கா என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எட்டு மாதம் எழுதவில்லை. நடுவில் ஒருநாள் மாட்டுத்தாவணி சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் அக்கா நின்றார். நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

துக்கத்தன்று பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். காரியம் முடிந்து தங்கப்பாண்டி அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க." போனேன். "உங்களுக்குள்ள என்ன தம்பி சண்டை? கேட்டா, அவனே பேசட்டும்னு சொல்லுவா. போன் அடிச்சா சரவணனான்னு பார்ப்பா" என்றார். அக்காவின் கணினியைத் திறந்து, குறியீட்டை நானே போட்டு, அந்த அத்தியாயத்தை இறக்கி, தங்கச்சியிடம் அண்ணன் பேசும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

தங்கப்பாண்டி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். அந்த அண்ணனும் தங்கச்சியும் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார்.

"இது அவளுக்கு எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"இதுக்கு எதுக்கு தம்பி இம்புட்டுச் சுத்து? ஒரு போனப் போட்டுச் சொல்லியிருந்தா, திட்டிட்டு அழுதிருப்பாளே."

நான் அழுதுவிட்டேன். அவர் தோளைத் தட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, "இப்பவாச்சும் உங்க வாயால சொல்லிட்டுப் போங்க" என்றார்.

நாங்கள் மூவரும் பேசி, பணம் போட்டவரிடம் சண்டை பிடித்து, போன வாரம் அந்த அத்தியாயத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம். இனி யாரும் தனியாக வாங்க வேண்டாம். தங்கச்சி கதவைத் தட்டினால் அண்ணன் வந்து திறப்பான். நிறையப் பேர் விளையாடிவிட்டு நல்லபடியாக எழுதுகிறார்கள். இதைச் செய்ய எங்களுக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது, அக்கா.

அன்றைக்கு உங்கள் படத்தின் முன்னால் எழுந்து நின்றேன். எழுதச் சொன்னால் யார் வாயிலும் வசனம் வைக்கத் தெரிந்த எனக்கு, "நான் சொன்னது தப்புக்கா" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அது உங்கள் கணவருக்குக் கேட்டது. போய்வாருங்கள், அக்கா.